ஒத்தக்கடை உப்புத் தண்ணீரில் கறுப்பு மோலி

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், போர்வெல் தண்ணீர் நிரப்பிய சிமெண்ட் தொட்டியில் கறுப்பு மோலி மீன்கள் மூன்று ஈற்றுக் குட்டி போட்டுவிட்டன. கடைசி ஈற்றுக் குட்டிகள் ஒன்றேகால் அங்குலத்துக்கு வளர்ந்து, சுவரில் படிந்த பாசியை மேய்ந்துகொண்டிருக்கின்றன. இந்த நிலைக்கு வர ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தேவைப்பட்டன. மேலூர், திருமங்கலம், ஒத்தக்கடை என்று மதுரையைச் சுற்றி உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள பல வீடுகளில் கண்ணாடித் தொட்டி பரண் மேல் ஏறிவிட்டது. "இந்தத் தண்ணீருக்கு மீன் நிற்காது" என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீரிலேயே நன்றாக வாழும் மீன் இருக்கிறது. அதை எப்படி வளர்த்தேன், என்ன அளந்தேன், எவ்வளவு செலவானது, எங்கே மீன்களை இழந்தேன் என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தண்ணீரை அளந்தது

எங்கள் போர்வெல் 320 அடி. யானைமலையை ஒட்டிய பாறை நிலம். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளைப் படிவு கட்டும், பருப்பு வேக நேரமாகும், சோப்பு நுரைக்காது. முதலில் 280 ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன். தண்ணீரில் வைத்தவுடன் 1,400 பி.பி.எம். காட்டியது, அதாவது லிட்டருக்கு 1,400 மில்லிகிராம்.

அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அதை மட்டுமே நம்பவும் கூடாது. டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்த எல்லா உப்புகளின் மொத்தக் கணக்கு. அதில் சுண்ணாம்பும் மக்னீசியமும் எவ்வளவு, சாதாரண உப்பு எவ்வளவு என்று மீட்டர் பிரித்துச் சொல்லாது. அதனால் 650 ரூபாய் கொடுத்துக் கடினத்தன்மையை, அதாவது சுண்ணாம்பு, மக்னீசியத்தின் அளவைக் காட்டும் துளிச் சோதனை மருந்தையும் வாங்கினேன். 5 மில்லி தண்ணீரைச் சிறு குப்பியில் எடுத்து, மருந்தை ஒவ்வொரு துளியாக விட்டுக் குலுக்கி, நிறம் பச்சையாக மாறும்வரை எண்ண வேண்டும். ஒரு துளிக்கு ஒரு டிகிரி கடினத்தன்மை. எங்கள் தண்ணீர் 24 துளி குடித்தது. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்பதால், கடினத்தன்மை ஏறத்தாழ 427 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது அதே தரம். தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் பி.எச். அளக்க இன்னொரு சிறு பாட்டில், 150 ரூபாய். அது 8.1 காட்டியது.

கடினமான, காரம் கலந்த தண்ணீர். மோலி மீன்கள் இயற்கையாக வாழும் இடங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது. அவற்றின் தாயகம் முக்கியமாக மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். கடலோரக் காயல்களில் உவர்நீரிலும் அவை வாழ்கின்றன. மோலி வகைகளில் ஒன்று சுண்ணாம்புப் பாறை நிறைந்த யுகாட்டான் தீபகற்பத்துக்கு உரியது. குட்டி போடும் மீன்களில் கப்பி, பிளாட்டி, வாள்வால் ஆகிய மூன்றும் கடினத் தண்ணீரை ஏற்றுக்கொள்ளும் என்றாலும், மோலிக்கு அது கட்டாயத் தேவையே. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மோலி ஏற்ற மீன் என்று சொல்லப்படுவது உண்மைதான். ஆனால் எந்தத் தண்ணீரில் என்பதை யாரும் சொல்வதில்லை. என் முதல் மீன்களுக்கும் தவறான தண்ணீரைத்தான் சொன்னார்கள்.

கேன் தண்ணீர்

மீன் வாங்கிய கடையில், "போர்வெல் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள் சார். கேன் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்" என்றார்கள். வீட்டில் ஏற்கெனவே 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. விளிம்புவரை நிரப்பினால் 54 லிட்டர். உப்பு நீக்கிய ஆர்.ஓ. கேன் மூன்று வாங்கி ஊற்றி, ஓர் ஆண், மூன்று பெண் என்று நான்கு மீன்களை விட்டேன். மீன் ஒன்று 30 ரூபாய்.

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது எளிது. வயிற்றுக்கும் வாலுக்கும் இடையில் அடியில் உள்ள துடுப்பைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு அது முக்கோணமாக விரிந்திருக்கும். ஆணுக்குக் குச்சியாக நீண்டு பின்னோக்கி மடிந்திருக்கும். ஆண் ஓயாமல் துரத்தும் என்பதால் ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள் இருந்தால்தான் எந்தப் பெண்ணும் களைத்துப்போகாது.

சில நாட்களில் மீன்கள் நீந்துவதை நிறுத்தின. ஓரிடத்தில் நின்றபடியே உடலை இடமும் வலமும் ஆட்டின. துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டன. இரை போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரு பெண் மீனின் முதுகில் பஞ்சுபோல் வெள்ளை படர்ந்தது. மறுநாள் காலை அது இறந்து கிடந்தது. கடையில் கொடுத்த நீல மருந்தால் தொட்டி நீலமானது, மீன் மாறவில்லை.

அப்போதுதான் தொட்டித் தண்ணீரைச் சோதித்தேன். டி.டி.எஸ். 55. துளிச் சோதனையில் இரண்டாம் துளிக்கே பச்சை வந்துவிட்டது. மோலியின் உடலுக்குள் உப்பின் அளவு ஒரு மட்டத்தில் நிற்க வேண்டும். சுற்றியுள்ள தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் இல்லாவிட்டால் உடலிலிருந்து உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும், அதை ஈடுகட்டவே மீனின் சக்தி முழுவதும் செலவாகும். நின்ற இடத்தில் ஆடுவது அந்தத் தவிப்பின் அடையாளம்.

மருந்தை நிறுத்தினேன். காலையில் 3 லிட்டர், மாலையில் 3 லிட்டர் என்று தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டுப் போர்வெல் தண்ணீரைச் சேர்த்தேன். ஒரேயடியாக மாற்றினால் அதுவே அதிர்ச்சியாகிவிடும். மருந்துக்கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் இதற்கு மிகவும் உதவுகிறது. மேலே ஒரு வாளி, குழாயில் உள்ள சிறு சக்கரத்தைத் திருகினால் நொடிக்கு இரண்டு சொட்டு, மூன்று சொட்டு என்று நாம் விரும்பும் வேகத்தில் இறங்கும். ஒரு வாரத்தில் ஆட்டம் நின்றது. அதன் பிறகு மூன்று மீன்களும் இரைக்கு மேலே வந்தன. தண்ணீரைத் தவிர வேறெதையும் நான் மாற்றவில்லை.

சிமெண்ட் தொட்டி

மோலி நன்றாக வளர்ந்தால் மூன்று அங்குலத்துக்கு மேல் போகும். 54 லிட்டர் அதற்குப் போதாது. மேலூர் சாலையில் சிமெண்ட் உறை வார்க்கும் இடத்தில், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் வட்டத் தொட்டிகளும் கிடைக்கின்றன. உள்விட்டம் 3 அடி, உயரம் 2 அடி உள்ள ஒன்றை 1,600 ரூபாய்க்கு வாங்கினேன். சுமை ஆட்டோவுக்கு 400. ஒன்றரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் ஏறத்தாழ 300 லிட்டர் பிடிக்கும். தண்ணீரின் எடை மட்டுமே 300 கிலோ என்பதால் மொட்டைமாடி யோசனையைக் கைவிட்டு, கொல்லையில் ஆற்று மணலைத் தட்டிச் சமன்செய்து, செங்கல் பரப்பி, அதன் மேல் இறக்கினோம். ரசமட்டம் வைத்துப் பார்த்தது வீண்போகவில்லை. வட்டத் தொட்டியில் அரை அங்குலச் சாய்வும் தண்ணீர் நிரப்பியவுடன் கண்ணை உறுத்தும்.

தொட்டி விற்ற பெரியவர் ஏற்றிவிடும்போதே, "தம்பி, புதுத் தொட்டியில் உடனே உயிர் எதையும் விடாதீர்கள். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிடுங்கள்" என்றார். புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வெளிவரும். முதல் நாள் நிரப்பிய தண்ணீரில் பி.எச். சோதனை மருந்தின் அட்டையில் உள்ள கடைசி நிறத்தையும் தாண்டியது. கையை விட்டால் வழுவழுவென்று இருந்தது. வாழைத்தண்டை அரையடித் துண்டுகளாக நறுக்கி, தொட்டியின் கால்பங்கு நிறையும் அளவுக்குப் போட்டேன். அது அழுகும்போது உண்டாகும் புளிப்பு சுண்ணாம்பின் காரத்தை முறிக்கிறது. நாற்றம் பக்கத்து வீடுவரை எட்டியது. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை முழுவதையும் இறைத்து, தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்டு போட்டேன். ஏறத்தாழ ஒரு மாதம் இப்படியே போயிற்று. தண்டில்லாமல் வெறும் தண்ணீரை மூன்று நாள் நிறுத்திய பின்னும் பி.எச். 8.4ஐத் தாண்டவில்லை என்றானபோதுதான் தொட்டி தயார் என்று முடிவுசெய்தேன்.

அடுத்தது வடிகட்டி. 150 ரூபாய் ஸ்பான்ஜ் பில்டர் ஒன்றை வாங்கி, கண்ணாடித் தொட்டியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஸ்பான்ஜைப் புதுத் தொட்டிக்குள் பிழிந்துவிட்டேன். அந்தக் கலங்கல் நீரில்தான் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. இந்த இடத்தில் கடினத் தண்ணீர்க்காரர்கள் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும். பி.எச். கூடக்கூட அமோனியாவின் நஞ்சும் கூடுகிறது. தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும்போது, பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நஞ்சாக நிற்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவே 8.2 என்றால் நூற்றில் பத்துப் பங்குக்கும் மேல். ஆகவே ஆரம்ப வாரங்களில் இரையைப் பாதியாகக் குறைத்தேன். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒருமுறை. மீதமானதைச் சிறு வலையால் உடனே அள்ளிவிட வேண்டும்.

வேலம்பாசி என்னும் நீர்ச்செடி ஒரு கொத்து கண்மாய் வாய்க்காலிலிருந்து எடுத்துவந்தேன். நேராகப் போடாமல் தனி வாளியில் ஒரு வாரம் வைத்து, நத்தை முட்டைகளையும் தும்பிப் புழுக்களையும் பொறுக்கி எறிந்தேன். தும்பிப் புழு ஒன்று உள்ளே போனால் மீன்குட்டி மிஞ்சாது. மேலே பச்சை நிழல்வலை, 50 சதவீதம் வெயில் மறைப்பது, மூன்று மீட்டர் 240 ரூபாய். வெயிலுக்கு மட்டும் அல்ல, மீன்கொத்திக்கும் காகத்துக்கும் பூனைக்கும் அதுவே காவல்.

சித்திரை வெயில்

மீன்கள் தொட்டிக்கு வந்து, கடையிலிருந்து இன்னும் மூன்று பெண் மீன்களும் சேர்ந்தன. அவற்றை 20 லிட்டர் வாளியில் தனியாக வைத்து, லிட்டருக்கு 2 கிராம் வீதம் 40 கிராம் கல் உப்பு கரைத்து, நோய் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே தொட்டியில் விட்டேன். மோலி இந்த உப்பைச் சுலபமாகத் தாங்கும். வேலம்பாசி தாங்காது, ஆகவே உப்பைத் தொட்டியில் போடவில்லை.

ஏப்ரல் கடைசியில் மதுரையில் வெயில் 40 டிகிரியைத் தொட்டது. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களின் வெயில் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீர் 35 டிகிரி. மீன்கள் அப்போது நன்றாகவே இருந்தன. அடி ஆழத்தில் நிழலில் கூடிநின்றன. ஆபத்து வந்தது விடியற்காலையில். ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லா மீனும் மேற்பரப்பில் வாயை வைத்துத் திணறிக்கொண்டிருந்தன. இரவு மின்சாரம் போய், வடிகட்டிக்குக் காற்று ஊதும் ஏர் பம்ப் நின்றிருந்தது. இரண்டு பெண் மீன்கள் அன்று போயின. ஒன்றின் வயிறு நிறைமாதமாக இருந்தது. அதை எடுத்து அப்புறப்படுத்தியபோது மிகவும் வருந்தினேன்.

20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 35 டிகிரியில் அது 7க்கும் கீழே இறங்கிவிடும். பகலில் பாசியும் கொடியும் ஆக்சிஜனை வெளிவிட்டுச் சமாளிக்கின்றன. இரவில் அவையும் மீனோடு போட்டியிட்டு மூச்சுவிடுகின்றன. விடியும் நேரத்தில் இருப்பு மிகவும் குறைகிறது. நான் வளரவிட்டிருந்த வேலம்பாசி தொட்டியின் பாதியை அடைத்திருந்தது. அதில் பெரும்பகுதியை அன்றே அள்ளி எறிந்தேன். மின்சாரம் போனால் தானாகவே பாட்டரியில் ஓடும் பம்ப் ஒன்றை 950 ரூபாய்க்கு வாங்கினேன். மொத்தச் செலவில் தொட்டிக்கு அடுத்த பெரிய தொகை இதுதான். மறுபடி தொடங்கினால் மீனுக்கு முன்னால் இதைத்தான் வாங்குவேன்.

தொட்டியைச் சுற்றி நனைத்த சணல் சாக்கைக் கட்டினேன். மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோலத்தான், சாக்கின் ஈரம் காற்றில் உலரும்போது சுவரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காலை பத்து மணிக்கும் பிற்பகல் ஒரு மணிக்கும் சாக்கில் ஒரு குடம் தண்ணீர். நிழல்வலையையும் இரட்டையாக மடித்தேன். இரண்டும் சேர்ந்து உச்சி வெப்பத்தை 32 டிகிரியில் நிறுத்தின. ஐஸ் கட்டி போடச் சொன்னவர்களும் உண்டு. திடீரென்று ஐந்து டிகிரி இறங்கினால் வெயிலைவிட அதுதான் மீனைக் கொல்லும்.

கோடையில் இன்னொன்றையும் கவனித்தேன். இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் விரிவாக எழுதுகிறேன். தொட்டியில் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஆவியானது. 3 அடி விட்டத்துக்கு அது 6 லிட்டருக்குச் சற்று மேல். குறைந்த தண்ணீரைப் போர்வெல் குழாயாலேயே நிரப்பிவந்தேன். மே கடைசியில் மீன்கள் சோர்ந்திருக்கக் கண்டு டி.டி.எஸ். அளந்தால் 2,200. ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. அதன் மேல் மறுபடி 1,400 உள்ள தண்ணீரை ஊற்றினால் நாளுக்கு 30 பி.பி.எம். வீதம் ஏறுகிறது. ஒரு மாதத்தில் 900. சுவரில் நீர்மட்டத்தில் கட்டியிருந்த வெள்ளை வளையம் இதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து ஒரு முறையை வைத்துக்கொண்டேன். ஆவியான அளவை மட்டும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் கொண்டு நிரப்புவது, அல்லது பிடித்துவைத்த மழைநீர். வாரம் ஒருமுறை அடியிலிருந்து 50 லிட்டர் இறைத்துவிட்டு, அந்த 50 லிட்டரை மட்டும் போர்வெல்லில் நிரப்புவது. இறைத்த தண்ணீர் தென்னைக்குப் போகிறது. முதலில் மீனைக் கொன்ற அதே ஆர்.ஓ. தண்ணீர் இப்போது அளவோடு தொட்டிக்கு உதவுகிறது. ஜூனிலிருந்து டி.டி.எஸ். 1,300க்கும் 1,500க்கும் இடையில் நிற்கிறது.

குட்டிகள்

மோலி முட்டையை வெளியே இடாது. முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, நீந்தும் குட்டியாகவே வெளியே வரும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஓர் ஈற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆணின் விந்தைப் பெண் மாதக்கணக்கில் உடலில் சேமித்து வைத்திருக்கும். ஆகவே தனியாக வைத்த பெண்ணும் அடுத்தடுத்துக் குட்டி போடும். கடையில் தனிப் பெண்ணாக வாங்கினாலும் பெரும்பாலும் சினையாகவே வரும்.

வெளிர்நிற மீன்களில் வயிற்றின் பின்பக்கம் கரும்புள்ளி தெரியும், அதைப் பார்த்து நாள் கணக்கிடலாம். கறுப்பு மோலியில் அது தெரியாது. மேலிருந்து பார்க்கும்போது வயிறு இருபுறமும் பிதுங்கி, பக்கவாட்டில் கீழ்க்கோடு வளையாமல் சதுரமாகத் தெரிந்தால் நாள் நெருங்கிவிட்டது. அந்த மீன் கூட்டத்தை விட்டு ஒதுங்கி ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும்.

முதல் ஈற்றுக்குக் கடையில் விற்கும் சிறிய பிளாஸ்டிக் குட்டிப்பெட்டியில் தாயை அடைத்தேன். உள்ளங்கை அளவுப் பெட்டி. மீன் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது. 11 குட்டிகள் வந்தன, பாதிக்கு மேல் உயிரில்லாமல். பிதுங்கிய வயிற்றோடு அவ்வளவு சிறிய இடத்தில் அடைத்தால் தாய் மிரண்டு குறைமாதத்தில் குட்டியைக் கழித்துவிடும்.

இரண்டாம் ஈற்றுக்குச் சமையலறையில் காய் கழுவும் பிளாஸ்டிக் கூடையைக் கொண்டுவந்தேன். வீட்டில் இருந்ததன் துளை சிறியது, 2 மில்லிமீட்டர் பிளவு. குட்டி வெளியேற முடியாது. பாத்திரக்கடையில் ஸ்கேல் கொண்டுபோய் அளந்து, 5 மில்லிமீட்டர் துளையுள்ள, ஒன்றரை அடி அகலக் கூடையை 70 ரூபாய்க்கு வாங்கினேன். விளிம்பில் தெர்மோகோல் துண்டுகளைக் கட்டி மிதக்கவிட்டு, உள்ளே கொஞ்சம் வேலம்பாசி போட்டு, அதிகாலையில் தாயை விட்டேன். கூடை பெரிதாக இருந்ததால் அது மிரளவில்லை. பிறந்த குட்டி ஒரு சென்டிமீட்டர் நீளம், கீழே இறங்கி துளை வழியாகத் தொட்டிக்குள் வந்துவிடுகிறது. தாய் துரத்த முடியாது. மற்ற பெரிய மீன்களை அந்த இரண்டு நாளுக்குக் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றியிருந்தேன், அங்கேயும் போர்வெல் தண்ணீர்தான். எண்ணிப் பார்த்ததில் 38 குட்டிகள். முதல் நாள் அவை கறுப்பாகச் சுவரோரத்தில் வரிசையாக நின்றதைப் பார்க்க என் மகளும் அம்மாவும் மாறிமாறிக் கொல்லைக்கு வந்தார்கள்.

குட்டிகளுக்கு அவித்த முட்டையின் மஞ்சள்கரு கொடுக்கச் சொல்வார்கள். கொடுத்துப் பார்த்தேன், தண்ணீர் ஒரே இரவில் நாறியது. மோலிக் குட்டிக்கு அது தேவையே இல்லை. பிறக்கும்போதே வாய் பெரியது. பெரிய மீனுக்குப் போடும் இரையை விரலால் பொடித்துத் தூவினால் போதும், நாளுக்கு மூன்று வேளை, ஒரு சிட்டிகை. வெயில் படும் சுவரில் வளர்ந்த பச்சைப் பாசியை அவை நாள் முழுக்க மேய்கின்றன. அதனால் ஒரு பக்கச் சுவரை நான் தேய்ப்பதில்லை. பெரிய மீன்களுக்கு வாரம் இருமுறை கொதிநீரில் வாட்டிய அரைக்கீரை. மோலிக்குப் பச்சை இரை குறைந்தால் மலம் கட்டி வயிறு உப்பும்.

கொசுப்புழுவை நான் தேடிப் போடவில்லை. திறந்த தொட்டியில் கொசு முட்டையிடும், மீன் தானாகவே தின்றுவிடும். கொசுப்புழு ஒழிப்புப் பணிக்கு வந்த பெண் ஒருவர் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மீன் விட்டிருக்கிறீர்களா? அப்படியானால் இதில் மருந்து ஊற்ற வேண்டாம் அண்ணே" என்று சுவரில் குறித்துவிட்டுப் போனார். மருந்து ஊற்றுகிறவர்கள் வரும் தெருவில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மீனுக்காகத் தனி வாளியில் கொசுப்புழு வளர்ப்பதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. ஒருநாள் மறந்தால் தெருவுக்கே கொசு.

அக்டோபர் மழை

இரண்டாம் ஈற்றுக் குட்டிகள் அரை அங்குலம் இருக்கும்போது வடகிழக்குப் பருவமழை வந்தது. ஓர் இரவு முழுக்கக் கொட்டியது. நிழல்வலை மழையைத் தடுக்காது. தொட்டி நிரம்பி விளிம்பு வழியாக வழிந்தது. காலையில் எண்ணினால் 9 குட்டிகள்தான் மிச்சம். மற்றவை தென்னை மரத்தடிச் சேற்றில். டி.டி.எஸ். 1,000க்குக் கீழே இறங்கியிருந்தது. பெரிய மீன்கள் துடுப்பை ஒட்டிக்கொண்டு நின்றன, பழைய கேன் தண்ணீர் நாட்களைப்போல. குளுக்கோஸ் குழாயை மறுபடி எடுத்துப் போர்வெல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு நாளில் சரிசெய்தேன்.

அதன் பிறகு கொத்தனார் ஒருவரிடம் துளையிடும் கருவியை வாங்கி, விளிம்புக்கு நான்கு அங்குலம் கீழே முக்கால் அங்குலத் துளை போட்டு, பி.வி.சி. முழங்கை ஒன்றைப் பொருத்தி எம்-சீல் வைத்து அடைத்தேன். உள்வாயில் நைலான் கொசுவலையை இரட்டையாகக் கட்டினேன். சாமான் 180 ரூபாய். மழை நாளில் தொட்டியின் மேல் சாய்வாக ஒரு தகரம். மூன்றாம் ஈற்று நவம்பரில் வந்தது, 42 குட்டிகள். அதன் பிறகு பெய்த மழைகளில் ஒன்றுகூட வழிந்து போகவில்லை.

மீட்டரும் மருந்துகளும் உட்பட மொத்தச் செலவு 4,815 ரூபாய். கேன் தண்ணீருக்கும் இறந்த மீன்களுக்குப் பிறகு வாங்கிய மீன்களுக்கும் ஆனதை இதில் சேர்க்கவில்லை. மாதச் செலவு இரைக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்குள்.

குட்டிகள் பெருகும்போது கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: அவர்கள் வீட்டிலும் கடினத் தண்ணீர் இருக்க வேண்டும், வேண்டாம் என்று தோன்றினால் என்னிடமே திருப்பித் தர வேண்டும். கண்மாயிலோ ஊருணியிலோ தெப்பக்குளத்திலோ விடக் கூடாது. இது நம் நீர்நிலைக்கு உரிய மீன் இல்லை. ஒரே ஒரு சினைமீன் போதும் ஒரு குளத்தில் கூட்டம் பெருக, அங்கே இருக்கும் நம் சிறுமீன்களின் இரையிலும் இடத்திலும் அது பங்கு கேட்கும். அதே காரணத்தால்தான் வழிகுழாயில் வலையைக் கட்டியதும், இறைக்கும் தண்ணீரை வடிகட்டியே தென்னைக்கு விடுவதும்.

அடுத்த தொட்டியை வெயில் ஏறுவதற்குள் வைக்கப்போகிறேன். இம்முறை வார்க்கும்போதே அடியில் ஓர் அங்குலக் குழாயும் வால்வும் பதிக்கச் சொல்லியிருக்கிறேன். வாரந்தோறும் 50 லிட்டரை வாளியில் இறைப்பது முதுகை வாங்குகிறது. வழிகுழாய்த் துளையும் வார்ப்பிலேயே வரும். உள்சுவருக்கு வெளிர் நிறம் பூசிய பிறகு வாழைத்தண்டு ஊறல். கறுப்புச் சுவரில் கறுப்புக் குட்டியை எண்ணுவது சிரமம். உயரம் இரண்டரை அடி கேட்டிருக்கிறேன், கோடையில் ஆழம் கூடினால் அடித்தண்ணீர் தாமதமாகச் சூடேறும் என்பதால். பெரியவர் அதற்கு 2,100 ரூபாய் சொல்கிறார். குழாய், வால்வு நம்முடையது.